சௌக்கிய மணி

என் சின்ன மகனுக்கு,

நேற்றுக் காலை பஸ் வருவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாய். "அப்பா, அங்க போக வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. வேலை உத்தரவைத் திருப்பி அனுப்பிச்சுர்றேன்" என்றாய். நான் பதில் சொல்லாமல் உன் பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேலே போடச் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாய். கோபம்தான். ஆனால் உன் மேல் இல்லை. சாலையில் நாலு பேர் நிற்கும்போது வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் இப்போது கடையைப் பெரியவனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். வேலை கிடக்கிறது என்று பாதியில் மடித்து வைக்காதே.

நீ அங்கேதான் போக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வாத்தியாராக வேண்டும், அந்த விடுதிக்குத்தான் வார்டனாக வேண்டும். உன் அண்ணனின் வலது காலை எந்த இடம் தின்றதோ அந்த இடத்தின் சாவிக்கொத்து இன்றைக்கு என் வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. இதற்காக நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் தானாக வந்ததை வேண்டாம் என்று தள்ளுகிற பெருந்தன்மை எனக்குக் கிடையாது. உன்னை விண்ணப்பம் போடச் சொன்னதே அண்ணன்தான் என்று உன் அம்மா நேற்று ராத்திரிச் சோற்றின்போதுதான் சொன்னாள். அவன் என்ன நினைத்துச் சொன்னானோ, அது அவனுக்குத்தான் தெரியும். நான் என்ன நினைத்து உன்னை அனுப்புகிறேன் என்பதை நீ தெரிந்துகொள்.

அண்ணனுக்குக் கால் போனபோது நீ பால்பல் விழாத பிள்ளை. "முள்ளுக் குத்தி கால் போச்சுடா" என்று மட்டும் உன் அம்மா சொல்லி வளர்த்தாள். முள் குத்தியது உண்மை. ஆனால் முள் குத்தியவனுக்கெல்லாம் கால் போவதில்லை. நம் பக்கத்தில் உடைமுள் குத்தாத பாதம் ஒன்று உண்டா, சொல்.

அந்த விடுதி எப்படி நடந்தது என்று முதலில் சொல்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது என்கிறார்கள், நீயே பார்ப்பாய். வெளியூர்ப் பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் சின்னப் பயல்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு மேல் வகுப்புப் பையன் ஒருவன் தலை. அவனுக்குத் தலைப்பிள்ளை என்று பெயர். சின்னப் பயல்களைக் கிணற்றடியில் தேய்த்துக் குளிக்க வைப்பது, வேட்டி துவைக்கக் கற்றுக்கொடுப்பது, அம்மாவை நினைத்து அழுகிறவனைப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வது எல்லாம் தலைப்பிள்ளையின் பொறுப்பு. சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மணி அடிப்பார்கள். சௌக்கிய மணி. ஒவ்வொரு தலைப்பிள்ளையும் எழுந்து நின்று, "எங்க குடும்பத்துல எல்லாரும் சௌக்கியம், ஐயா" என்று சொல்ல வேண்டும். மேடையில் விடுதி சூப்பிரண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டுத் தலையை ஆட்டுவார்.

இந்த ஏற்பாடு முழுக்க அந்தச் சூப்பிரண்டின் மூளையில் உதித்தது. அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், என் பேனாவுக்கு அது பிடிக்காது. பெரியவனைச் சேர்க்கப் போன அன்று அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். "உங்க பிள்ளைக்கு ஊர்ல ஒரு குடும்பம், இங்க ஒரு குடும்பம். பாத்துக்கிட ஆள் இருக்கு, கவலையில்லாமப் போங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல யோசனையும்தான், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் வாலில் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார் பார், அதுதான் விஷம். பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து தெப்பத் திருவிழா வரைக்கும் எந்தக் குடும்பம் ஒரு நாள்கூடத் தவறாமல் "சௌக்கியம்" சொல்லுகிறதோ, அந்தக் குடும்பத்துக்குத்தான் தெப்பம் பார்க்கப் போக அனுமதி. யாராவது ஒருவன் காய்ச்சல் என்று நோயாளி அறையில் படுத்தால் அவன் குடும்பம் மொத்தமும் விடுதியில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. தை மாதம் முழுக்க அந்த நோயாளி அறை காலியாகக் கிடக்கும். வருகிற இன்ஸ்பெக்டர்களிடம் அந்தக் காலி அறையைத் திறந்து திறந்து காட்டுவாராம்.

பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம் உன் அண்ணன் தலைப்பிள்ளை ஆனான். அவன் குடும்பத்துப் பயல்கள் எல்லோரும் அந்த வருஷம்தான் ஊரை விட்டு வந்தவர்கள். மேலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குட்டிப் பயல் தெப்பத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு இவன் உயிரை எடுத்தானாம். "அண்ணே, சாமி தண்ணி மேலயா வரும்? முங்கிறாதா அண்ணே?" என்று தூங்கப் போகும்வரை கேட்பானாம். தெப்பத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் விளையாடிவிட்டு வரும்போது அண்ணன் குதிகாலில் முள் ஏறி உள்ளே ஒடிந்துவிட்டது. எடுக்கப் பார்த்தான், வரவில்லை. இரண்டு நாளில் வீங்கியது. பிறகு கணுக்கால் வரை சிவந்தது. வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் எழுந்து நின்று, "எங்க குடும்பத்துல எல்லாரும் சௌக்கியம், ஐயா" என்று சொல்லியிருக்கிறான். அந்தக் காலை ஊன்றிக்கொண்டு. மேடைக்கும் அவனுக்கும் நடுவே எத்தனை தூரம் இருந்துவிடப் போகிறது? அந்த மனிதர் தலையை ஆட்டினாரே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற முகம் யாருக்கும் தெரியும்.

அவன் குடும்பம் ஜெயித்தது. வைகையைத் தாண்டித் தெப்பக்குளம் வரை வரிசையில் நடந்து போனார்கள். உன் அண்ணன் வரிசையின் கடைசியில் போனான், நொண்டுவது தெரியக் கூடாதே. குளத்தங்கரையில் கூட்டம். மேலூர்ப் பயலுக்கு எதுவும் தெரியவில்லை, அழ ஆரம்பித்துவிட்டான். இவன் அவனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் காலோடு, தெப்பம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை நின்றிருக்கிறான். பிறகு பயலை இறக்கிவிட்டுவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டான். பெரியாஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. "தெப்பம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நான் பாக்கலப்பா. குட்டிப்பய தோள்ல இருந்தான். எனக்கு முன்னாடி ஒருத்தர் முதுகுதான் தெரிஞ்சுச்சு" என்றான். ஏன்டா சொல்லவில்லை என்றேன். "சொன்னா அம்புட்டுப் பேரும் பாக்க முடியாதுல்லப்பா" என்றான். என் பிள்ளை அவன்.

இதுவரை நடந்ததைக்கூட விதி என்று நான் விழுங்கியிருப்பேன். கட்டுப் பிரிப்பதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பொய்த் தகவல் சொன்னதற்காகவும், அதனால் விடுதிக்குக் கெட்ட பெயர் உண்டாக்கியதற்காகவும் உன் அண்ணனைப் பள்ளியை விட்டு நீக்கியிருக்கிறார்களாம். நான் நேரே போனேன். அதே அறை, அதே நாற்காலி. "இதப் பாருங்க, தினமும் நான் கேட்டேன். தினமும் உங்க மகன் என் முன்னாடி நின்னு பொய் சொல்லியிருக்கான். ஏற்பாட்டுல ஒரு குறையும் இல்ல. பொய் சொல்ற பிள்ளையை எந்த ஏற்பாடும் காப்பாத்தாது" என்றார். கால் போன பிள்ளைக்குப் பொய்யன் என்று பட்டமும் கட்டி அனுப்பினார். பரீட்சை எழுதவில்லை. வேறு எந்தப் பள்ளியும் அப்படி எழுதிக் கொடுத்த சான்றிதழோடு அவனைச் சேர்க்கவில்லை. படித்து வக்கீல் ஆக வேண்டியவன் இன்றைக்கு என் கடலைக் கடையில் மரக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தராசு பிடிக்கிறான்.

பழிக்குப் பழி என்று எழுதினால் நீ முகம் சுளிப்பாய், காலேஜ் படித்தவன். சுளித்துக்கொண்டே படி. அந்த வாரமே வண்டிச் சாட்டையை எடுத்துக்கொண்டு வைகைப் பாலத்தில் காத்து நின்றேன். அவர் ஜட்காவில் வந்தார். மடியில் அவர் மகள், சின்னது, கையில் கரும்பு. நான் சாட்டையைக் கீழே இறக்கிவிட்டேன். அன்றைக்கு இறக்கியிருக்கக் கூடாது என்று இப்போதும் சில நாள் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். சாட்டையால் அடித்தால் ஒரு நாள் வலிக்கும். என் தொழிலே சந்தை சந்தையாகப் போவதுதானே? உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்த ஊர்ச் சந்தையில் உட்கார்ந்தாலும் கடலை விலை பேசுவதற்கு முன்னால் பிள்ளையை எங்கே படிக்க வைக்கிறீர்கள் என்று கேட்பேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் முழுக் கதையையும் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, அதற்கு அவசியமே இருக்கவில்லை. கதை போன வேகத்தில் அடுத்த ஆனியில் அந்த விடுதியில் பாதி அறைக்குப் பூட்டு. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இனித்தது. உன் அம்மாகூட, "ஏங்க, இம்புட்டுச் சிரிப்பு உங்க மூஞ்சில பாத்து எத்தனை நாளாச்சு" என்றாள்.

அவரே தேடிக்கொண்டு வந்தார். மேலூர்ச் சந்தை, உச்சி வெயில். என் சாக்குகளுக்கு முன்னால் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"ஊர் ஊராப் போயி பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுக்கிறீங்க. பாவப்பட்ட பிள்ளைக படிப்பு வீணாப் போகுது. போதும், விட்டுருங்க" என்றார்.

"விட்டுர்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே விட்டுர்றேன். தப்பு ஏற்பாட்டுல இருந்துச்சு, பையன் மேல இல்லன்னு சொல்லுங்க. எழுதியெல்லாம் வேணாம். வாயால சொன்னாப் போதும்."

வேர்வையைத் துடைத்தார். கடலைச் சாக்கிலிருந்து ஒரு கடலையை எடுத்து உருட்டினார், திரும்பப் போட்டார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அந்த ஏற்பாட்ட இன்ஸ்பெக்டரே மெச்சினாருங்க" என்றார்.

"அப்ப நடங்க. வெயில் ஏறுது."

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. நான் நிறுத்தவுமில்லை. உன்னைக்கூட வேறு பள்ளியில் போட்டுத்தான் படிக்க வைத்தேன், உனக்கே தெரியும். ஆனால் யுத்தம் வந்தது, பஞ்சம் வந்தது, கதை பழசானது, பிள்ளைகள் திரும்பவும் அங்கே போனார்கள். அவர் மரியாதையாக ஓய்வு பெற்று, தெப்பக்குளம் போகிற சாலையில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் படத்தைப் பெரிதாக எழுதி பிரார்த்தனை மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். தெப்பத்தன்று ஜெயித்த குடும்பங்கள் போகிற வழியில் அவர் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற வழக்கமும் வந்திருக்கிறதாம். கேட்டதும் அன்று முழுக்க எனக்கு எதுவும் இறங்கவில்லை.

"விடுங்கப்பா, அவரும் கெட்டவரில்ல" என்கிறான் உன் அண்ணன். எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவன் மன்னித்துவிட்டான், அது அவன் இஷ்டம். கால் அவனுடையது, ஆனால் பிள்ளை என்னுடையவன். என் பங்குக்கு நான் மன்னிக்கவில்லை, மன்னிக்காமலே போய்ச் சேர்வேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்தப் படத்தைக் கழற்றாதே. கை துறுதுறுக்கும், ஆனாலும் கழற்றாதே. அது அங்கேயே தொங்கட்டும். சௌக்கிய மணியையும் நிறுத்தாதே. ஆனால் மணி அடித்தால் தலைப்பிள்ளை எழுந்து எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லுகிற பேச்சு நீ பொறுப்பேற்கிற நாளோடு ஒழிய வேண்டும். நீ மேடையில் உட்காராதே, நாற்காலியைத் தூக்கிக் கிணற்றடிக்கு அனுப்பு. பிள்ளைகள் கால் கழுவுகிற இடத்தில் நில். கழுவும்போது எந்தப் பயல் ஒரு காலை மட்டும் மெதுவாக வைக்கிறான் என்று பார். சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்கார். எவன் இலையில் சோறு மிஞ்சுகிறது, எவன் தன் பலகாரத்தைத் தினமும் பெரிய பயல் ஒருவனுக்குக் கொடுக்கிறான், தபால்காரன் வந்து போனபிறகு எவன் தனியாகப் போய்ச் சுவரோரம் நிற்கிறான், எல்லாம் பார். நோயாளி அறை காலியாக இருந்தால் பெருமைப்படாதே, பயப்படு. இன்ஸ்பெக்டர் வந்தால் படுத்திருக்கிற பிள்ளைகளைக் காட்டு, அவர்களுக்கு யார் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று காட்டு. மணி அடித்ததும் ஒவ்வொருவனும் தனித்தனியாக வந்து, எங்கே வலிக்கிறது, யார் அடித்தார்கள், எது பயம் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று சொல்லட்டும். அவர் காதுபட, ஒரு நாள் விடாமல், ஒவ்வொரு வலியாகச் சொல்லட்டும்.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் உன்னிடம் மறைப்பார்கள். பயந்து மறைப்பார்கள், ஒருவன் மேல் ஒருவன் வைத்த பிரியத்தாலும் மறைப்பார்கள், உன் அண்ணன் மாதிரி. கண்டுபிடிக்கிற வேலை உன்னுடையது. இதை நன்றாகக் கேட்டுக்கொள். நாளைக்கு உன் பொறுப்பில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகி, "அவன் என்கிட்டச் சொல்லலையேப்பா" என்று நீ என்னிடம் வந்து நின்றால், அந்தச் சாட்டை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பெற்ற மகன் என்று பார்க்கமாட்டேன். இந்தத் தடவை பாலத்திலிருந்து சும்மா திரும்பி வரவும் மாட்டேன்.

தை வரட்டும். தெப்பத்துக்கு விடுதியில் இருக்கிற அத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. காய்ச்சல் விட்டுத் தேறியவன், கட்டுப் போட்டவன், நடக்க முடியாதவன் எல்லோரையும் வண்டியில் ஏற்று. இரட்டை மாட்டு வண்டி நான் அனுப்புகிறேன், வைக்கோல் மெத்தையாகப் போட்டு அனுப்புகிறேன். அந்த வண்டிதான் முன்னால் போக வேண்டும். அதில் முதல் ஆளாக உன் அண்ணனை உட்கார வைப்பேன். வரமாட்டேன் என்பான். "குட்டிப் பயலுக கூட்டத்துல காணாமப் போயிருவாங்கடா, நீ வந்தாத்தான் ஆச்சு" என்று சொல், வந்துவிடுவான். அவன் இன்னும் தெப்பம் பார்க்கவில்லை. ஒவ்வொரு தையிலும் கூப்பிடுகிறேன், அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்கிறான்.

போகிற வழியில் அந்த வீடு வரும். வாசலில் நாற்காலி போட்டுக் கும்பிடுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே வண்டியை நிறுத்து. யாரும் கும்பிட வேண்டாம், யாரும் திட்டவும் வேண்டாம். உன் அண்ணன் இறங்கட்டும், மரக்கால் தரையில் படுகிற சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும்படி நடந்து அவர் முன்னால் போய் நிற்கட்டும். உன் அண்ணனின் மனசு எனக்குத் தெரியும், அவன் கோபமாக எதுவும் பேசமாட்டான். பேசவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டால் போதும், "சௌக்கியமா, ஐயா?" என்று.

அவர் பதில் சொல்லும்வரை வண்டியை எடுக்காதே.

உன் அப்பா